உரிமையாளரின் கருத்து

விலை உயர்ந்த பவர் ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் ஒருவரிடம் அது எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சாயங்காலம் போய்விடும். ஒலி இளஞ்சூடாக இருக்கிறது என்பார். பழைய பெட்டியில் ஒரு திரை தொங்கியது, இதில் அது விலகிவிட்டது என்பார். பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார், கையை நீட்டினால் தொடலாம் என்பார். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் இப்படிப் பேசுகிறவர்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். என் பெரியப்பாவின் கூடத்தில் அவர்கள் கூடுவார்கள். நான் பார்த்தவரை எல்லோருமே ஆண்கள்.

பவர் ஆம்ப் செய்யும் வேலை எளிமையானது. ரெக்கார்டின் முள்ளிலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சிறியது. ப்ரீ ஆம்ப் அதைப் பக்குவப்படுத்தி அனுப்பும். ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளுவதற்கான வலுவைத் தருவது பவர் ஆம்ப். பாட்டில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது, வலுவை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். (வீட்டில் இப்படி வேலை பார்ப்பவர் யார் என்று என் மாணவிகள் உடனே கேட்பார்கள். அந்த உவமையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.) நூறு வாட் ஆம்பை விற்றுவிட்டு இருநூறு வாட் வாங்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே கூடுதல். 'கிளாஸ் ஏ' வகை என்றால் பாட்டே ஓடாதபோதும் மின்சாரத்தை உறிஞ்சி வெப்பமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சென்னையில் ஒரு தவம்போலவே பேசுவார்கள்.

பெரியப்பா தன் ஆம்பை 1986-இல் லண்டனிலிருந்து கொண்டுவந்தார். வெளிநாட்டுப் பொருளுக்குக் கடும் சுங்கவரி இருந்த காலம். இங்கிலாந்தின் மின்னழுத்தமும் நம்முடையதும் ஏறத்தாழ ஒன்று என்பதால் அப்படியே செருக முடிந்தது. அமெரிக்க ஆம்ப் வைத்திருந்த நண்பர் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்திருந்தார். பெரியப்பாவுடையது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

அதை முப்பத்தைந்து ஆண்டுகள் துடைத்தது பெரியம்மா. ஈரத்துணி கூடாது, காய்ந்த துணி, அதுவும் மஸ்லின். வால்யூம் குமிழை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பாட்டு ஓடும்போது அவர் இருந்த இடம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நிலைப்படி.

இந்த ஏற்பாடு மயிலாப்பூருக்கு மட்டும் உரியதில்லை. 1983-இல் 'ஸ்டீரியோஃபைல்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் லாரி கிரீன்ஹில் என்ற விமர்சகர் ஒரு சொற்றொடரை அச்சிலேற்றினார்: வைஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர். மனைவி ஏற்பாளா மாட்டாளா என்பதற்கான அளவுகோல். பெட்டி பார்க்க லட்சணமாக இருக்கிறதா, ஒயர்கள் வெளியே தெரிகின்றனவா, கூடத்தை அடைக்கிறதா. வாட், ஓம், டெசிபல் என்று கணக்குப் பேசும் உலகத்தில் பெண்ணும் ஒரு காரணியாக உள்ளே வந்தாள், கண்ணாக மட்டும். அவளுக்குக் காது உண்டு என்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை. வேடிக்கையாகச் சொன்னது என்பார்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த வேடிக்கை புழக்கத்தில் இருக்கிறது. தி. நகரில் ஒரு கடையில் எனக்காக ஸ்பீக்கர் பார்க்கப் போனேன். கூட வந்த தம்பியிடம் ஒலியைப் பற்றிப் பேசிய விற்பனையாளர், என்னிடம் திரும்பியபோது வால்நட் நிறத்திலும் கிடைக்கும் என்றார்.

ஆண் காதுகள் தந்த தீர்ப்புகளைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1978-இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தன்னுடைய மூன்று ஆம்புகளை வைத்து ஒரு கேட்புச் சோதனைக்கு ஏற்பாடு செய்தது. ஒன்று 1953-இல் வந்த வால்வு ஆம்ப். மற்ற இரண்டும் டிரான்சிஸ்டர், 1967-இலும் 1975-இலும் வந்தவை. எது ஓடுகிறது என்று சொல்லாமல், கேட்டுப் பழகியவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரியப்பாவின் கூடத்தில் ஒரு முறை இதைச் சொன்னபோது, "நீ தமிழ் படிச்ச பொண்ணு" என்று அன்பாகவே முடித்துவைத்தார் ஒருவர்.

பெரியப்பா போன நான்காவது மாதம் நண்பர்கள் வந்தார்கள். துக்கம் உண்மையானதுதான். ஆனாலும் கண் ஆம்பின் மேல் இருந்தது. "தம்பி, அப்பா இத எவ்வளவு ஆசையா வெச்சிருந்தாரு தெரியுமா? தெரியாதவங்க கையில போயிடக் கூடாது" என்றார் ஒருவர் அண்ணனிடம். இன்னொருவர் நாற்பதாயிரம் என்றார். வீடும் வீட்டிலுள்ளதும் பெரியம்மாவுக்கு என்று பெரியப்பா எழுதிவைத்திருந்தார். அதை அண்ணன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 'உரிமையாளர்' என்ற சொல் தமிழில் ஆண், பெண் வேறுபாடு காட்டாது. கூடத்தில் காட்டியது. காபி டம்ளர்களை எடுக்க வந்த பெரியம்மா, "அது ரிப்பேர்" என்றார். "நல்லா பாடுதே அண்ணி, இப்பத்தான கேட்டோம்" என்று சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "லெஃப்ட் பெட்டியில தொப்பி கேக்கலம்மா. ரெண்டு வருஷமா இப்படித்தான். உங்க பெரியப்பாகிட்ட சொன்னேன். ஃபேன் சத்தத்துல உனக்குக் கேக்கலன்னாரு."

கச்சேரியில் மிருதங்கக்காரர் பெரும்பாலும் நமக்கு இடதுபுறம் உட்கார்வார், வலந்தலை நம் பக்கம் இருக்கும். அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தால் மிருதங்கம் இடது ஸ்பீக்கரில் விழும். பெரியம்மா சொல்லச் சொல்ல ஒரு ரெக்கார்டைப் போட்டுக் கேட்டேன். வலந்தலையின் 'நம்' கணீரென்று வந்தது. தொப்பியின் அடிநாதம் மேலோடாக, அட்டையில் தட்டியதுபோல இருந்தது. ஆம்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினோம். மிருதங்கம் வலப்பக்கம் போயிற்று, தொப்பி அங்கேயும் இல்லை. ஆகவே ஸ்பீக்கர்மேல் பழியில்லை. ஒயர்களைப் பழையபடி வைத்து, ப்ரீ ஆம்பிலிருந்து வரும் கேபிள்களை மாற்றினோம். மிருதங்கம் இப்போதும் வலப்பக்கம்தான், ஆனால் தொப்பி கும்மென்று வந்தது. பெரியம்மா தரையில் உட்கார்ந்தபடியே ஆம்பின் இடது பக்கத்தைக் கரண்டிக்காம்பால் சுட்டினார்.

இந்தக் காதுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு: கேள்வி ஞானம். முறையாகக் கற்காதவர்களை மெச்சுவதுபோலச் சொல்லி ஒரு படி கீழே வைக்கும் பெயர். குறளில் 'கேள்வி'க்குத் தனி அதிகாரமே இருக்கிறது, ஆனால் கூடத்தில் அந்த மரியாதை கிடைக்காது. பெண் பாடலாம், அவளுக்கு விஷயம் தெரியும் என்று ஒப்புக்கொள்ளத்தான் காலம் பிடிக்கும். பல்லவி ஆண்களின் கணக்கு என்றிருந்த நாளில் டி.கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடினார். நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமலிருந்த பாலக்காடு மணி ஐயர் பிறகு அவருக்கு வாசித்தார். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, சங்கீத கலாநிதி பட்டம் தந்தது 1968-இல். அவர்களெல்லாம் மேடையில் இருந்தவர்கள். நிலைப்படியில் நின்று கேட்டவர்களுக்குப் பட்டியலே இல்லை.

ஆம்பை ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனோம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார் பெரியம்மா, விடவில்லை. மெக்கானிக் திறந்து பார்த்தார். இடது பக்கத்துப் பலகையில் ஒரு கெபாசிட்டர் வற்றிப்போயிருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஈரம் உண்டு, வருஷக்கணக்கில் சூட்டிலிருந்தால் அது காயும். வலுவிழந்த கெபாசிட்டர் தாழ்ந்த சுருதிகளைத்தான் முதலில் விடும். வயசானால் எந்தப் பெட்டிக்கும் வருவதுதான் என்றார். இரண்டு பக்கமும் மொத்தமாக மாற்றிவிடலாம், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஜோடி சேராது என்றும் சொன்னார். "யாருக்கும்மா கேட்டுச்சு இது?" என்று அவர் கேட்டபோது பெரியம்மா எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பேசப்பட்ட அத்தனை திரைகளையும் சூடுகளையும் நான் பொய்யென்று சொல்லவில்லை. வைத்திருப்பதைப் பற்றிப் பேசுவதில் ஓர் இன்பம் இருக்கிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டியில் உண்மையாகவே ஒன்று குறைந்திருந்தது. அப்போதும் பாடகர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பில்லில் அண்ணன் பெயரை எழுதப்போனார் கடைப் பையன், போனில் பேசியது அண்ணன் என்பதால். பெரியம்மா தன் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு, தன் அப்பாவுடைய இனிஷியல்.

சென்ற வாரம் அந்த நாற்பதாயிரக்காரர் மறுபடி அழைத்தார். பெரியம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். "விக்கல தம்பி. உங்க வீட்டுல பெட்டிய சுவரோட ஒட்டி வெச்சிருக்கீங்கல்ல? அதான் தொப்பி கொழகொழன்னு கேக்குது. பெருக்கறதுக்கு இழுக்கறப்பல்லாம் நான் பாத்திருக்கேன், முக்கால் அடி முன்னாடி வந்தா தெளிஞ்சிடும். இழுத்துப் போட்டுட்டு உங்க வீட்டு அம்மாகிட்டக் கேளுங்க, எப்படி இருக்குன்னு."