ஆறில்லாத ஊரில் துடுப்புப் பிடித்தோம்

ஓமான் நாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. சோஹாருக்கு வந்த புதிதில் இதை நாங்கள் நம்பவில்லை. தேசப்படத்தில் மலையிலிருந்து கடல் வரைக்கும் நீலக் கோடுகள் போட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் சேர்ந்து வாகனம் பிடித்துப் போய்ப் பார்த்தோம். அங்கே கூழாங்கல்லும் முள்மரமும் இரண்டு ஆடுகளும்தான் நின்றன. "இதுக்கோ நீலம் பூசி வைச்சிருக்கிறாங்கள்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அப்படிப்பட்ட ஊரில் இன்று நாங்கள் வள்ளம் விடுகிறோம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறோம். எங்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் துறைமுகப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறோம். அநேகம் பேர் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம். 2009இல் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தோம். படிப்பு அதோடு நின்றது. செட்டிகுளம் முகாமில் இருந்தபடியே பரீட்சை எழுதியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஊரில் நாங்கள் அகதிகள். இங்கே அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஓமானும் சரி, அமீரகமும் சரி, 1951ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடுகள். எங்கள் கையில் இருப்பது வேலைக்கான வதிவிட அட்டை மட்டும்தான். வேலை இருக்கும் வரைக்கும் அட்டை, அட்டை இருக்கும் வரைக்கும் நாங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எதையும் செய்யவேண்டும், வள்ளம் விடுவதையும்கூட.

சோஹார் மஸ்கட்டிலிருந்து வடமேற்கே 200 கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில், பாத்தினா என்கிற நீண்ட கரையோரத்தில் இருக்கிறது. இன்றைக்கு இது உருக்கும் அலுமினியமும் செய்கிற ஊர். ஆனால் பழைய காலத்தில் பெரிய கப்பல் பட்டினம். பின்னாலுள்ள மலைகளில் வெட்டிய செம்பு இந்தக் கரையால்தான் வெளியே போனது. 10ம் நூற்றாண்டில் முகத்தஸி என்ற அரபுப் பயணி, சீனத்துக்குப் போகிற வாசல் என்று இந்த ஊரைச் சிறப்பித்து எழுதினார். சிந்துபாத் இந்த ஊரான் என்றும் சொல்வார்கள், அது கதை. கதை அல்லாத ஒன்று இருக்கிறது. 1980இல் ரிம் செவரின் என்ற பயணி பழைய முறைப்படி ஒரு மரக்கப்பலைச் சூர் என்ற ஊரில் கட்டுவித்தார். பலகைகளுக்கு ஆணி அடிக்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அதற்குச் 'சோஹார்' என்று பெயர் வைத்தார்கள். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, வழியில் இலங்கையிலும் தங்கி, 1981 ஜூலையில் சீனாவின் கன்ரன் துறைமுகத்தை அடைந்தது. மஸ்கட் போகிறவர்கள் அல் புஸ்தான் சுற்றுவட்டத்தில் அந்தக் கப்பலைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தென்னங்கயிறு எங்களுக்குத் தெரியாத சாமான் அல்லவே.

எங்களுக்கு வள்ள ஆசை வந்தது அந்தக் கப்பலைப் பார்த்து அல்ல. ஷாஷா என்கிற சின்னத் தோணியைப் பார்த்துத்தான். பாத்தினாக் கரையில் மீனவர்கள் பேரீச்ச மட்டைகளை ஊறவைத்து, கயிற்றால் நெருக்கிக் கட்டிச் செய்வது அது. உள்ளே மட்டையின் அடிப்பக்கக் கட்டைகளை அடைவார்கள். பிற்காலத்தில் றெஜிபோம் அடைத்தார்கள். மட்டைகளுக்கு இடையால் தண்ணீர் உள்ளே வரும், ஆனாலும் மிதக்கும். எங்கள் கட்டுமரத்தின் கணக்கும் அதுதானே. சில மணித்தியாலத்தில் ஊறிப் பாரமாகிவிடும், கரையில் இழுத்துக் காயவிட வேண்டும். இப்போது எல்லாரும் பைபர் படகும் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள், ஷாஷா அருமையாகிவிட்டது. அதைக் கண்டதும் எங்களில் இருந்த முல்லைத்தீவுக்காரர் ஒருவர் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். "ஒருக்கா ஏறிப் பாப்பமோ?" என்றார். அன்றைக்குத் தொடங்கியது.

ஊரை விட்டுப் போன ஒரு வெளிநாட்டவரிடம் இரண்டு பேர் இருக்கக்கூடிய பிளாஸ்ரிக் துடுப்பு வள்ளங்கள் மூன்றைப் பாவித்த விலைக்கு வாங்கினோம். பதினொரு பேர் சம்பளத்தில் காசு போட்டோம். சரி, எங்கே விடுவது? திறந்த கடலில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சோஹாருக்கு வடக்கே ஷினாஸ் என்ற ஊரில் கடல் உள்ளே புகுந்து வாய்க்கால்களாகப் பிரிந்து கிடக்கிறது. அரபியில் 'கோர்' என்பார்கள், நாங்கள் களப்பு என்போம். கரை முழுக்கக் கண்ணாக்காடு. ஓமானில் கண்டல் சாதியில் ஒன்றே ஒன்றுதான் வளர்கிறது, அது எங்கள் ஊர்க் களப்புகளில் நிற்கிற அதே வெண்கண்ணா. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே எழும்பும் மூச்சு வேர்கள், இலையில் படிகிற உப்பு, எல்லாம் அதேதான். முதல்நாள் ஒருவர் இலையைப் பிடுங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், எங்கடைதான்" என்றார்.

ஆனால் கடல் எங்களுடையது அல்ல. அதை அன்றைக்கே படித்தோம். எங்கள் ஊர்க் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் சிறிதுதான், முழங்கால் அளவு வராது. நந்திக்கடலில் முகத்துவாரத்து மணல் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. இங்கே பறுவத்திலும் அமாவாசையிலும் ஏறத்தாழ ஆளுயரத்துக்கு ஏறி இறங்கும். கடல்தொழில் தெரிந்தவர் இரண்டு பேர் கூட இருந்தும் நாங்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு நிறைந்த தண்ணீரில் உள்ளே போனோம். பத்தரை மணிக்குத் திரும்பினால் வாய்க்கால் இல்லை, சேறு இருக்கிறது. கரையில் நின்ற வயதான ஓமானியர் ஒருவர் கையை விரித்து, "பானி கலாஸ்" என்று கத்தினார். தண்ணீர் முடிந்தது என்று அர்த்தம். பிறகு வானத்தைக் காட்டி, விரலால் வட்டம் போட்டு, பறுவம் என்று விளங்கப்படுத்தினார். பறுவம் பார்க்காமல் கடலுக்கு வந்தவர்கள் யார் என்று அவர் யோசித்திருப்பார்.

வள்ளங்களை முழங்கால் சேற்றில் இழுத்தோம். சிப்பி வெட்டிக் கால்களில் இரத்தம். கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல்கள் முடிந்துவிட்டன. இரண்டு மணி முறைக்குப் போகவேண்டிய ஒருவர் போய்ச் சேர நாலு மணி, அரைநாள் சம்பளம் போனது. அந்தக் காசை எல்லாரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் இந்தப் பிழையை விடக்கூடாது என்பதுதான். அந்தப் பெரியவர் வாளியில் தண்ணீரும் ஒரு பை பேரீச்சம்பழமும் கொண்டுவந்து தந்தார். இன்றும் போகிற ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம்.

பிறகு குடும்பங்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளுக்கு இங்கே வீடு, பள்ளிக்கூடம், கடைத்தெரு, இவ்வளவும்தான். ஒரு பிள்ளை, "ஆறு எண்டால் வாதியோ?" என்று கேட்டது. அதனால் பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் இருத்தி, கரையோரமாகவே கொண்டுபோய் வருகிறோம். நண்டு பார்ப்பார்கள், நாரை பார்ப்பார்கள். அதிட்டம் இருந்தால் கழுத்தில் வெள்ளை வளையமும் நீலப்பச்சை முதுகும் உள்ள ஒரு மீன்கொத்தியையும் காண்பார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள கல்பா என்ற ஊரின் பெயரையே விஞ்ஞானிகள் அந்த வகைக்கு வைத்திருக்கிறார்கள். இந்தச் சின்னக் கரையோரத்துக் கண்டல்களை விட்டால் அந்த வகைக்கு வேறு இடம் இல்லை. ஒரு மரத்தை வெட்டினாலும் அதற்கு வீடு குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வீடு குறைவது என்றால் என்ன என்று அவர்களுக்கு நீளமாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் எழுதவேண்டாம் என்றார். இரண்டு பிள்ளைகளோடும் கணவரோடும் வருவார், ஆனால் தண்ணீருக்குக் கிட்டவும் வரமாட்டார். தேத்தண்ணீர்ப் போத்தலோடு மரத்தடியில் இருப்பார். 2009 ஏப்ரல் 20ம் திகதி புதுமாத்தளனில் சனம் களப்பைக் கடந்தபோது, தம்பியைத் தோளில் வைத்து நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தவர். எங்களில் பலரும் அந்தத் தண்ணீரால் வந்தவர்கள்தான், ஆகவே யாரும் அவரை வாவென்று கூப்பிடவில்லை.

நாலாவது பயணத்தில் அவரே கரைக்கு வந்தார். ஏறவில்லை. ஒரு துடுப்பை வாங்கி, கரையோரத் தண்ணீரில் குத்தி அளந்து பார்த்தார். முழங்கால். இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினார். இடுப்பு. "அண்டைக்கு அடி தெரியேல்லை, அதுதான்" என்றார். பிறகு பாதுகாப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் ஏறி இருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். போகிற வழி முழுக்கத் துடுப்பால் அடியைக் குத்திக் குத்தியே வந்தார். ஒருவரும் பேசவில்லை. இறங்கியதும் தேத்தண்ணீர் ஊற்றி எல்லாருக்கும் தந்தார். இப்போது எங்களோடு வருகிறவர்கள் எல்லாரும் ஏறுவதற்கு முன் துடுப்பால் ஆழம் பார்க்கவேண்டும். அது அந்த அக்காவிடம் நாங்கள் படித்த ஒழுங்கு.

வர விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

வற்றுப் பெருக்கு நேரத்தை முதல்நாளே பாருங்கள், கைத்தொலைபேசியில் கிடைக்கும். தண்ணீர் ஏறும்போது உள்ளே போய், இறங்கத் தொடங்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். விடியற்காலையில் புறப்படுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் எழும்பும், அப்போது எதிர்காற்றில் துடுப்புப் போடப் பிள்ளைகளால் முடியாது. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை நாங்கள் போவதில்லை. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை வெளியிடத்தில் வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிற வெயில் அது.

நீச்சல் தெரிந்தாலும் அங்கி கட்டாயம். முல்லைத்தீவுச் சுழியோடிக்கும் விலக்கு இல்லை. வதிவிட அட்டையையும் தொலைபேசியையும் தண்ணீர் புகாத பையில் வைத்துக் கழுத்தில் மாட்டுங்கள். ஆபத்துக்கு அழைக்கும் இலக்கம் 9999. எத்தனை பேர் இறங்குகிறோம் என்று எழுதி, கரையில் நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள். மீனவர் வலைக்குக் கிட்டப் போகாதீர்கள். வீடுகளையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். சங்கம், கழகம் என்று பெயர் வைத்துப் பதாகை பிடிக்கவேண்டாம். இங்கே அதற்கெல்லாம் பதிவு வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமை ஒன்றாகச் சாப்பிடப் போகிற சிநேகிதர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, மிக முக்கியமானது. வாதியில் வள்ளம் விடலாமோ என்று பலர் கேட்கிறார்கள். மழை பெய்தால் வறண்ட வாதியும் ஆறாகும், உண்மைதான். அந்த ஆறு நம்பக்கூடியது அல்ல. எங்கள் தலைக்கு மேல் வெயில் எறிக்கும்போதே மலையில் பெய்த மழை கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்துவிடும். 2021 ஒக்ரோபரில் ஷாஹீன் புயல் இந்தப் பாத்தினாக் கரையில்தான் ஏறியது. சோஹாருக்குத் தெற்கே கபூராவில் ஒருநாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2024 ஏப்ரலில் உள்நாட்டு ஊர் ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வாகனத்தை வாதி அடித்துக்கொண்டு போனது. வாதி ஓடும்போது வாகனத்தை இறக்குவது சட்டப்படி குற்றம். ஆகவே மேகம் கண்டால் வாதிப் பக்கமே போகாதீர்கள். தேசப்படத்தில் அந்தக் கோடுகளுக்கு ஏன் நீலம் பூசினார்கள் என்று எங்களுக்கு இப்போது விளங்குகிறது.

ஒக்ரோபரில் வெயில் தணிந்ததும் மறுபடி தொடங்குகிறோம். மூன்று வள்ளம், ஆறு இருக்கை. குடும்பங்கள் முறைக்கு முறை ஏறலாம், மற்றவர்கள் கரையில் கதைத்துக்கொண்டு இருக்கலாம். றொட்டியும் சம்பலும் ஆளாளுக்குக் கொண்டுவாருங்கள். தேத்தண்ணீரை அந்த அக்கா கொண்டுவருவார். ஆனால் அவருக்கும் ஒரு இருக்கை ஒதுக்கித்தான் பெயர் எழுதுவோம்.