கச்சத்தீவில் கூடிய சந்தை

விழாவையும் அங்காடியையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் பழைய இலக்கியத்தில் இல்லை. மதுரைக்காஞ்சி விழாக்கோலம் பூண்ட மதுரையைச் சொல்லும்போது நாளங்காடியையும் அல்லங்காடியையும் சேர்த்தே சொல்கிறது. பட்டினப்பாலையோ புகாரில் குவிந்த சரக்குகளுள் ஈழத்து உணவுப்பொருளையும் எண்ணுகிறது. இவற்றை வகுப்பில் நடத்துகையில் என் மனம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்விடுகிறது.

பாக் நீரிணையில் ஏறத்தாழ 285 ஏக்கர் நிலம். குடிநீர் இல்லை, குடிகளும் இல்லை. தவக்காலத்தில் இரண்டே நாட்கள் அங்கு மனிதர்கள் கூடுகிறார்கள். ராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. அவ்வளவுதான்.

என் தாயார் பாம்பனில் பிறந்தவர். போருக்கு முந்தைய திருவிழாவைப் பற்றி அவர் சொல்லும்போது பூசையைவிடப் பண்டமாற்றே மிகுதியாக வரும். இங்கிருந்து கைலியும் சேலையும் போகும். அங்கிருந்து வாசனைச் சோப்பும் தேங்காயெண்ணெயும் கிராம்பும் வரும். பண்டம் கைமாறும் இடத்தில் நலம் விசாரிப்பும் கைமாறியது. கல்யாணப் பேச்சும் நடந்ததாம்.

தீவு இலங்கைக்கு உரியதென ஒப்புக்கொண்ட 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றி முன்போல் வந்து போகலாம் என்கிறது. ‘முன்போல்’ என்ற சொல்லுக்குள் அந்தச் சந்தையும் அடங்குமா என்று எவரும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் திருவிழாவே நின்றுபோயிற்று. 2009இல் போர் முடிந்தபின் அது மீண்டது. 2016இல் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. ஆனால் இன்று போகிறவர்கள் பெயர்ப்பட்டியலோடும் அடையாள அட்டையோடும் போகிறார்கள், மூட்டைகள் சோதிக்கப்படுகின்றன.

மீனவர் கைதுகளைக் கண்டித்து 2024இல் ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அவர்களது கோபம் நியாயமானது. நம் இழுவைமடிகள் அறுத்துப்போட்ட வலைகளை எண்ணி வடபுலத்து மீனவர் கொள்ளும் கோபமும் நியாயமானதே. இரு கோபங்களும் நேருக்குநேர் உட்கார்ந்து பேச அந்த மணல்திட்டைவிடப் பொருத்தமான இடம் எது? மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கடல்ல பாத்தா பகையாளி சார், கோயில்ல பாத்தா எங்கப்பாவுக்கு அவர் அண்ணன்.”

வாணிபம் என்றால் நாம் துறைமுகங்களையும் கப்பல்களையுமே எண்ணுகிறோம். ஒரு கைலிக்கு நான்கு சோப்பு என்று பேரம் பேசியவர்களிடையே இருந்த நம்பிக்கையை எந்த ஒப்பந்தமும் எழுதித் தந்துவிட முடியாது.