தாம்பரத்து மழை கோவளம் சேரும் வழி



குளிர்காலம் என்றதும் தங்கள் மனக்கண்முன் எது தோன்றுகிறது? உதகையின் உறைபனியா? கம்பளி போர்த்திய காஷ்மீரத்துக் குழந்தைகளா? அப்படியாயின், சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டி அமைந்திருக்கும் கோவளத்திற்கு அந்தச் சித்திரம் சற்றும் பொருந்தாது. அங்கே குளிர்காலம் என்பது முதலில் மழை, பிறகு காற்று, அதன் பின்னரே பனி.

வானிலைத் துறையார் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே குளிர்காலம் என்று கணக்கில் எழுதுகின்றனர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களும் அவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் முன்னோரோ ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் வகுத்து வைத்தனர். வாடைக் காற்றோடு மழை விழும் நாட்களைக் குளிரின் கணக்கிலேயே சேர்த்த அந்தப் பகுப்புதான் இக்கரைக்கு மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம். சென்னையில் இதுவரை பதிவான குறைந்த வெப்பநிலையே 13.9 பாகைதான், அதுவும் 1905 ஜனவரி 29 அன்று பதிவானது. வழக்கமான தை மாத விடியலில் 20, 21 பாகைக்குக் கீழே பாதரசம் எளிதில் இறங்குவதில்லை. கோவளத்திலோ கடல் தன் வெம்மையை விடாது வைத்திருப்பதால், உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்தைக் காட்டிலும் இரவு சற்று இதமாகவே கழியும்.

தாம்பரத்தின் காற்றுக்கும் ஒரு பெருமை உண்டு. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கென ஒரு சானடோரியம் நிறுவத் தேர்ந்தெடுத்த இடம் இதுவே. இன்று இரயில் நிலையத்தின் பெயராகவே அச்சொல் நிலைத்துவிட்டது. நல்ல காற்றை நாடி மக்கள் வந்த ஊர், பின்னாளில் மழைநீருக்காக நாடெங்கும் பேசப்பட்டதை மேலே காண்போம்.

முதலில் கோவளத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா அங்கே இருப்பதால், நம் வீடுகளில் பலருக்கு அவ்வூர் புதிதன்று. கடற்கரையையும் மீனவர் குடியிருப்பையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் இங்கே எழுப்பிய கோட்டைக்கு ‘சஆதத் பந்தர்’ என்று பெயர். அதனைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1752-இல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். அதற்கும் முன்னர், இன்றைய பெல்ஜியத்து ஆஸ்டெண்ட் வணிகக் கழகத்தார் இக்கரையில் பண்டகசாலை வைத்திருந்தனர். மரக்கலங்களை இங்கு ஏற்றி இறக்கியது காற்றின் ஒழுங்கு. ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அச்சொல்லே போர்ச்சுகீசியர் நாவில் புரண்டு, ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. இன்று வானொலியில் கேட்கும் ‘மான்சூன்’ நம் பள்ளிப் பிள்ளைகள் ஓதும் மொழியிலிருந்து போய்வந்த சொல் என்பதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

புயல்களின் பெயர்களிலும் இத்தகைய உறவு உண்டு. வட இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகள் முறைவைத்துப் பெயர்களைத் தருகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களைச் சாய்த்த ‘வர்தா’ பாகிஸ்தான் தந்த பெயர், ரோஜாவைக் குறிப்பது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையேறிய புயலுக்கு ஐக்கிய அரபு அமீரகம் ‘மந்தூஸ்’ என்று பெயரிட்டிருந்தது. பொருள் வைக்கும் பெட்டியைச் சுட்டும் அரபுச் சொல் அது. நம் செய்தித்தாள்கள் அதனை ‘மாண்டஸ்’ என்று எழுதி, சொல்லின் முகத்தையே மாற்றிவிட்டன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே கரை கடந்த ‘ஃபெங்கல்’ சவூதி அரேபியா தந்தது.

இனி, முன்னறிவிப்பு என்னும் பொருளுக்கு வருவோம். ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்று வானொலி சொல்ல, மறுநாள் நம் தெருவில் ஒரு துளியும் விழாவிட்டால், வானிலை நிலையத்தாரைக் கேலி செய்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்களுடைய சொற்களுக்கு அளவுண்டு. ‘ஓரிரு இடங்கள்’ என்றால், ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைதான் மழை பதிவாகும் என்பது பொருள். ‘ஒருசில இடங்கள்’ என்றால் அதற்கு மேல், பாதி வரை. ஆகவே தங்கள் தெரு நனையாதது அறிவிப்பின் பிழையாகாது. அவ்வாறே ‘கனமழை’ என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய 7 முதல் 11 சென்டிமீட்டர். ‘மிக கனமழை’ 12 முதல் 20 வரை. ‘அதி கனமழை’ அதற்கும் மேல். இங்கு ‘ஒரு நாள்’ என்பது காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை.

சென்டிமீட்டர் என்பது அடிக்கோலின் அளவாயிற்றே, அதில் என்ன பெரிய வெள்ளம் என்று தோன்றலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தச் சிறு கணக்கை மனத்திலிருத்திக்கொண்டு 2015-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். டிசம்பர் 2 காலை எட்டரை மணியுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் அன்று விழுந்தது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பதை வரிசையாக நிறுத்தி, ஒரே நாளில் ஒரே மனையில் திறந்துவிட்டதாக எண்ணிப் பாருங்கள். மனைதோறும் அவ்வாறே.

இருப்பினும் அந்த ஒரு நாள் மழை மட்டுமே அவ்வளவு துயரையும் விளைவித்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்திய நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தன. மண் குடித்தது போதும் என்றிருந்தது. காய்ந்த மண்ணில் 20 சென்டிமீட்டர் பெய்வதும் நிறைந்த ஏரியின் மேல் 20 சென்டிமீட்டர் பெய்வதும் அறிவிப்பில் ஒன்றுபோலவே ஒலிக்கும். வீட்டு வாசலில் அவை வெவ்வேறு.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே களைய வேண்டும். அவ்வாண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்று இன்றும் பேசக் கேட்கிறோம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலையருகேதான் அடையாற்றில் கலக்கிறது. இவ்விரு ஊர்களும் அதற்கு மேற்புறத்தில் இருப்பவை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரே அவற்றைச் சூழ்ந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விடப்பட்ட 29,000 கன அடி கீழ்ப்புறத்தாரை வருத்தியது. அது வேறு கதை. எந்த ஏரி நம் வாசலுக்கு நீர் அனுப்புகிறது என்று தெரியாமல் எந்த ஏரியின் செய்தியைக் கேட்டு என்ன பயன்?

மேற்குத் தாம்பரத்து நீர் பெரும்பாலும் அடையாற்றை நாடிப் போக, கிழக்கே விழும் நீர் கோவளத்தை நாடுகிறது. இந்தப் பயணத்தை நீங்களும் ஒருநாள் மேற்கொள்ளலாம். கிழக்குத் தாம்பரத்தில் பேருந்தில் ஏறி அமர்ந்தால் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும். பெயரைக் கேட்கும்போதே ஏரி ஒன்றும் உடன் நினைவுக்கு வர வேண்டிய ஊர்கள் இவை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்திற்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் கலங்கல் மற்றொன்றின் வாயாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் நீரை ஏற்கும் தாம்பாளம் அது. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரந்திருந்த அந்நிலம், குப்பைமேடும் குடியிருப்பும் அலுவலகங்களும் கொண்டது போக, இன்று சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியுள்ளது. 2022-இல் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது. எஞ்சியதேனும் காக்கப்படட்டும்.

நம் பேருந்து பெரும்பாக்கம் வழியே சோழிங்கநல்லூர் சேர்வதற்குள், நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கியிருக்கும். சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்குச் செல்லும் இணைப்புச் சாலைப் பாலத்தில் அதனை மீண்டும் சந்திக்கிறோம். காலடியில் தெற்கு நோக்கி நகரும் அக்கலங்கல் நீரில் செம்பாக்கத்து மண்ணும் இருக்கும். கடலோ கிழக்கே அப்பால் இரைகிறது. ஆயினும் நேரே கிழக்கில் திரும்பி அதனை அடைய வழியில்லை. இடையே மணல்மேடு. பனையூர், உத்தண்டி, கானத்தூர் என்று நம்மோடு இணையாகவே நடந்து, முட்டுக்காட்டில்தான் அந்நீர் கடலுக்கு வழி காண்கிறது. அந்த முகத்துவாரத்தின் தென்கரையில் கோவளம்.

கோவளத்தின் குளிர்காலம் நிர்ணயமாவது இந்த வாயிலில்தான். கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து வாயை அடைத்துவிடும். மழைக்கு முன் அதனைத் தோண்டித் திறந்து வைக்க வேண்டும். திறந்தபின் வெள்ளமே அதனை அகலப்படுத்திக்கொள்ளும். ஆனால் புயல் கரையை நெருங்கும் வேளையில், கிழக்கிலிருந்து கொண்டல் காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளும். ஓதமும் உயர்ந்திருந்தால், வந்த நீரைக் கடல் ஏற்றுக்கொள்ளாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் ‘மிக்ஜாம்’ புயல் கரையோரமாகவே வடக்கே நகர்ந்தபோது இதுவே நேர்ந்தது. மழை ஓய்ந்து வெயில் அடித்த பின்னும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் நின்றது. வீட்டின் மேல்தளத்தில் பச்சிளங்குழந்தையோடு பாலுக்காகப் படகை எதிர்நோக்கி நின்ற தாய்மார்களுக்கு, ‘நாளை மழை இல்லை’ என்ற முன்னறிவிப்பினால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

ஆகவே வாசகர்களே, இக்கரையில் வானிலை அறிக்கையை மேகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால், நம் தெருவுக்கு மேலேயுள்ள ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, கீழேயுள்ள வாய் திறந்திருக்கிறதா, கடல் சீற்றம் பற்றிய அறிவிப்பு உண்டா என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கோவளத்தில் வானம் தெளிந்திருக்கையில் தாம்பரத்தில் பெய்த மழை பின்தங்கி வந்து சேரும். பத்திரங்கள், மருந்துச்சீட்டு, நகை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை உயரத்தில் ஏற்றி வைப்பதற்கு அந்த இடைவேளை போதுமானது. வீட்டில் முதியவர் இருந்தால், நீர் கணுக்காலில் இருக்கும்போதே உறவினர் இல்லத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். முழங்காலுக்கு வந்தபின் கட்டிலோடுதான் தூக்க நேரிடும். மழையை ‘ரஹ்மத்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். எனினும், குளிரும் மழையும் கடுமையான இரவில் தங்குமிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்ததும் நபிவழியே என்பதை மறந்துவிடலாகாது. எச்சரிக்கை நாளில் வெள்ளத்தை நீந்திக்கொண்டு போவதில் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை.

இம்மழைக்கு விருப்பமான பொழுது பின்னிரவு. நிலத்திலிருந்து கடல் நோக்கிப் போகும் இரவுக் காற்றும் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றும் கரையோரம் முட்டிக்கொள்வதால், ஸுப்ஹுக்கு முன்னர் கொட்டித் தீர்த்துவிட்டு முற்பகலில் ஒன்றும் அறியாததுபோல் வெயில் காய்வது இங்கே வழக்கம். 2030-ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரு ரமலான்கள் பிறக்க இருக்கின்றன. சஹர் நேரத்தில் கூரைமேல் மழையோசை கேட்கும் நோன்புகளை நம் பிள்ளைகள் அப்போது காணக்கூடும்.

கோவளத்தைக் காண விரும்புவோர் தை பாதிக்குப் பின் செல்வது நலம். கடல் தணிந்து, படகுகள் மீண்டும் இறங்கியிருக்கும். முட்டுக்காட்டுப் பாலத்தில் இறங்கிக் கழிமுகத்தைப் பாருங்கள். வாய் திறந்த வழியே கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் மடவையும் உள்ளே புகுந்திருக்க, இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுவோரைக் காணலாம். காலையில் சென்றால் விலையும் நயமாக இருக்கும்.