சுவரோட எடுத்துட்டுப் போங்க சார்!

காட்டுப்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், ஹாலில் ஒரு சுவர் மொட்டையாக முறைத்துக்கொண்டு நின்றது. ‘‘பழைய சினிமா போஸ்டர் ஒண்ணை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?’’ என்றேன். ‘‘சோகப் படம் மட்டும் வேணாம். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!’’ என்றாள் மனைவி.

நான் பி.காம்.! எதையும் தேய்மானக் கணக்கில் பார்க்கிற புத்தி. அந்தக் கணக்குப்படி சினிமா போஸ்டர் மாதிரி நஷ்ட ஐட்டம் வேறு இல்லை. சிவகாசியில் அச்சாகி, ராத்திரியோடு ராத்திரியாக மைதா பசையில் சுவரேறும். விடிந்ததும் மாடு ஒன்று வந்து ஹீரோவின் காலைச் சுவைக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படம் தலைமேல் ஏறும். அத்தோடு மதிப்பு பூஜ்யம்!

ஆனால், தப்பிப் பிழைத்தால்? 1927-ல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் படத்தின் போஸ்டர், 2005-ல் 6,90,000 டாலருக்கு விலைபோனது. லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியம் 2002-ல் இந்தி சினிமா போஸ்டர்களை வைத்துக் கண்காட்சியே நடத்தியது. மாட்டுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

இந்த யோசனையோடு முடிவெட்டப் போனேன். மவுன்ட் - பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்களைத் தாண்டி, ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த சலூன். நாற்காலியில் உட்கார்ந்தால், எதிர்க் கண்ணாடியில் பின்சுவர் தெரியும். அதில் ‘நாயகன்’ போஸ்டர். எழுத்து எல்லாம் இடம் வலமாக, கமல் மட்டும் நேராக!

நேர் என்றாலும், நீலம். வாசல் வெயில் பட்டுப் பட்டு மஞ்சளும் சிவப்பும் ஓடிப்போய், வேலு நாயக்கர் கிருஷ்ண பரமாத்மா கலரில் இருந்தார்.

‘‘எப்ப ஒட்டினதுண்ணே?’’

‘‘87 தீபாவளி சார். படம் ரிலீஸ், கடை திறப்பு ரெண்டும் ஒண்ணா. எங்கப்பா பூந்தமல்லியில போஸ்டர் ஒட்டுறவரு. சைக்கிள் ஹேண்டில்ல பசை வாளி, கேரியர்ல பேப்பர் கட்டு. ஊர் பூரா ஒட்டிட்டு, கடைசி ஒண்ணை இங்க ஒட்டிட்டாரு. ‘இதுமேல எவனும் வேற படம் ஒட்ட மாட்டான்டா’ன்னாரு.’’

சுவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை வெள்ளையடித்தபோதும் போஸ்டரைச் சுற்றி மட்டும் அடித்திருக்கிறார். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு ஏறி, அதுவே ஒரு ஃப்ரேமாகி இருந்தது.

மெள்ளக் கேட்டேன்: ‘‘இதை எனக்குக் கொடுப்பீங்களா? என்ன விலைன்னாலும்...’’

கத்தரி நின்றது. ‘‘அடுத்த மாசம் கட்டடத்தை இடிக்கிறாங்க சார். ஃப்ளாட் வருது. நானே பிரிச்சு எடுக்கப் பார்த்தேன், வரலை. அப்பா பசையில மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவாரு. பூச்சியும் அரிக்காது. ஓரத்தைக் கிள்ளினா பேப்பர்தான் கிழியுது. வேணும்னா சுவரோட எடுத்துட்டுப் போங்க சார்!’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சுவர் இன்னும் மொட்டைதான். முடிவெட்டி நாலு நாள்தான் ஆகிறது. ஆனாலும், நாளைக்கு மறுபடி சலூனுக்குப் போகிறேன். ‘‘வெட்ட என்ன இருக்கு?’’ என்கிறாள் மனைவி. வெட்டவா போகிறேன்?