எதிர்வீட்டாரின் பெயர்



சுங்கை வே அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் என் மாணவர்களிடம், "எதிர்வீட்டாரின் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஐவர் மட்டுமே கூறினர். "உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?" என்றான் ஒருவன். நான் தலைகுனிந்தேன்.

அருகிலுள்ள கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் அறுவர் மாண்டனர். அண்டை வீட்டாரை அறியாத இடத்தில் வதந்திக்கு வலிமை அதிகம்.

1975இல் தோன்றிய ருக்குன் தெத்தாங்கா, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தன்னார்வ ரோந்துக்கும் வழிசெய்கிறது. ஆனால், பெயரறியாதவரோடு இரவில் காவல் சுற்ற யார் முன்வருவார்?

அன்று மாலையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோர் ஆண்டுகளுக்குப் பின், அந்த மலாய் அம்மையாரின் பெயரை அறிந்தேன். நீங்களும் பிள்ளைகளுடன் சென்று தட்டுங்கள்.