தூக்கணாங்குருவியும் ஒரு மதிப்புரையும்

மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் எங்கள் பகுதி இளைஞர். பகலில் தறிக்குடோனில் வேலை, இரவில் கவிதை. தொகுப்பிலிருந்த நாற்பது கவிதைகளில் நான்கைந்தைத் தவிர மற்றவை கடன் வாங்கிய பாஷையில் எழுதப்பட்டவை என்று சொல்லியிருந்தேன். அதை இன்றும் சொல்வேன். ஆனால் ஒரு கவிதையைத் தனியே எடுத்துக்கொண்டு கொஞ்சம் கேலியும் செய்திருந்தேன். தான் பின்னிய கூட்டைத் தானே பிரித்துப் போடும் தூக்கணாங்குருவி ஒன்று அதில் வருகிறது. எந்தக் குருவியும் தன் கூட்டைத் தானே பிரிப்பதில்லை, கவிஞர் தன் சுயவிரக்கத்துக்குத் தோதாக இயற்கையைத் திருத்திக்கொள்கிறார், அனுபவத்தில் வேர் இல்லாத படிமம் இப்படித்தான் பொய்யாகிறது என்று எழுதினேன். நன்றாக அமைந்துவிட்ட வாக்கியம் என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி. நண்பர்கள் இருவர் அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார்கள்.

ஆறு மாதம் கழித்து அவர் நகைக்கடனைத் திருப்பி வைக்க என் கவுண்டருக்கு வந்தார். நான்தான் பேச்சை எடுத்தேன். இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எழுதினது சரிதானுங்ணா. நான் விட்டுட்டனுங்ணா" என்றார்.

முகத்தில் கோபம் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் பாஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

கவிதையை விட்டுவிடுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு, அதற்கு விமர்சகன் பொறுப்பல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானம் போன வருஷம் வரை நிலைத்தது. அப்புறம் கோவையில் ஒரு பழைய புத்தகக் கடையில் சாலிம் அலியின் சுயசரிதை கிடைத்தது. 1985-ல் வெளிவந்த புத்தகம். பறவைகளில் எனக்கு ஈடுபாடு ஒன்றும் கிடையாது. புரட்டியபோது, அவர் பம்பாயில் ஒரு வணிகக் கல்லூரியில் கணக்கியலும் வணிகச் சட்டமும் படித்தவர் என்ற தகவல் கண்ணில் பட்டது. கணக்கெழுதப் படித்த ஒருவர் இந்தியாவின் முதன்மையான பறவையியலாளர் ஆனது எப்படி என்ற குமாஸ்தாத்தனமான ஆவலில்தான் வாங்கினேன்.

1896-ல் பிறந்தவர். பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்த்துக்கொள்ளப் போய், அதைவிட அதிகமாக அங்கிருந்த பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. 1926-ல் பம்பாய் மியூசியத்தில் வழிகாட்டி வேலை. பின்னர் பெர்லினுக்குப் போய் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினால், மியூசியத்தில் அந்த வேலையே இல்லை. பம்பாய்க்குக் கடல் தாண்டி கிஹிம் என்ற கரையோர ஊரில், மனைவி வீட்டாருக்குச் சொந்தமான ஒரு வீட்டில் போய் இருந்தார். 1930-ம் வருஷத்து மழைக்காலம். வீட்டுக்கு அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். நாள்தோறும், மணிக்கணக்கில். பார்த்ததை நோட்டில் எழுதினார்.

அவர் கண்டது இது. கூடு பின்னுவது ஆண் குருவி. கூடு பாதி வளர்ந்து, கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கும் கட்டத்தில் பெண் குருவிகள் வந்து பார்க்கின்றன. ஒரு பெண் ஏற்றுக்கொண்டால், முட்டை வைக்கும் அறையையும் கீழே நீளும் குழாயையும் ஆண் முடித்துக் கொடுக்கிறது. அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணை எதிர்பார்க்கிறது. எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு பாதியிலேயே நின்றுபோகிறது. இந்த அரைகுறைக் கூடுகளை ஆண் குருவி சும்மா உட்கார்ந்து பாடுவதற்காகக் கட்டியவை என்று கருதியவர்கள் உண்டு. அவை நிராகரிக்கப்பட்டவை என்று தெரிய ஒருவர் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே உட்கார வேண்டியிருந்தது. 1931-ல் கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்திரிகையில் வந்தது.

இதற்கு மேல் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஒரு நண்பரைக் கேட்டேன். தூக்கணாங்குருவிக் குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டென்றும், தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் இருப்பவை ஐந்துதான் என்றும், மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் என்றும் அவர் சொன்னார். நம் கிணற்று மேட்டுக் குருவி ஒரு பெரிய ஆப்பிரிக்கக் குடும்பத்தின் கிளை உறவு. நிக்கலஸ் காலியாஸ் என்பவரின் கட்டுரைகளை நகலெடுத்து அனுப்பியும் வைத்தார்.

காலியாஸ் (1914-2010) அமெரிக்கர். சிகாகோவில் மாணவராக இருந்தபோது, இரண்டு கோழிகள் சண்டையிட்டால் எது ஜெயிக்கும், ஏன் ஜெயிக்கும் என்று ஆராய்ந்தவர். பிறகு ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவிகளுக்கு வந்தார். மனைவி எல்ஸியும் விலங்கியலாளர். இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். சஹாராவுக்குத் தெற்கே கிராமத்து மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும் ஓர் இனம் அவர்களுடைய முக்கிய விஷயம். ஆப்பிரிக்காவில் அதைப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய கூண்டுகளில் வளர்த்தும் பார்த்தார்கள். 1962-லும் 1964-லும் முக்கியமான கட்டுரைகள், 1984-ல் ஒரு புத்தகம்.

அந்தக் குருவி புல்லின் ஓரத்தைக் கடித்து, அலகில் பற்றிக்கொண்டு பறக்கிறது. பறக்கும் வேகத்தில் ஒரு கீற்று நீளமாகக் கிழிந்து வருகிறது. முதலில் ஒரு வளையம் பின்னுகிறது. பிறகு அந்த வளையத்தில் நின்றபடி, அலகு எட்டும் தூரத்துக்குக் கூட்டை வளர்க்கிறது. கூட்டின் அளவு குருவியின் உடம்பின் அளவு. பெண்கள் விரும்புவது பச்சைக் கூட்டை. புல் காய்ந்து பழுப்பாகிவிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போது ஆண் குருவி, யாரும் வராத தன் கூட்டை இழை இழையாகத் தானே பிரித்துக் கீழே போடுகிறது. அதே இடத்தில் பச்சைப் புல்லால் புதிதாக ஆரம்பிக்கிறது.

இந்தப் பத்தியை நான் வங்கியில் மதிய உணவு நேரத்தில் படித்தேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு பரிசோதனையும் அதில் இருந்தது. இளம் ஆண் குருவிகள் சிலவற்றுக்குப் பின்னுவதற்கு எதுவும் கிடைக்காமல் வளர்த்தார்கள். பிறகு புல்லைக் கொடுத்தபோது ஓர் இழையைக்கூட உருப்படியாகக் கோக்க முடியாமல் அவை தடுமாறின. புல் கிடைத்து வளர்ந்த குஞ்சுகளும் முதலில் கட்டுவது கோணலும் ஓட்டையுமான கூடுகளைத்தான். கட்டிக் கட்டித்தான் கை, அதாவது அலகு, படிகிறது. பின்னும் உந்துதல் பிறவியில் வருகிறது, பின்னல் வருவதில்லை.

மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொன்ன தூக்கணாங்குருவியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். குரங்கு ஏறி வந்து கூட்டைப் பிய்த்தெறிந்துவிடும். தகுதியில்லாதவனுக்கு உபதேசம் செய்யாதே என்பது அதில் கண்ட நீதி. விமர்சகர்களான நாம் அதில் எப்போதும் நம்மைக் குருவியாகவே பார்த்து வந்திருக்கிறோம். பிய்த்தது யார் கை என்று நான் யோசித்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டிக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போனேன். கிணற்றின் மேல் சாய்ந்த தென்னை ஓலைகளில் இருபதுக்கு மேல் கூடுகள். தோட்டக்காரப் பெரியவர், "குருவியப் பாக்கறதுக்குங்களா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். தன் கூட்டையே பிரிக்குங்களா என்று அவரிடம் கேட்டேன். "உருவுமுங்க. அதுது கூட்டையா, அடுத்ததுது கூட்டையான்னு யாருங்க கண்டா?" என்றார்.

அன்றும் அடுத்த நான்கு ஞாயிறுகளிலும் இருந்தேன். ஒரு மஞ்சள் தலைக் குருவி ஓர் அரைக் கூட்டிலிருந்து நாரை இழுத்து உருவுவதை மூன்று முறை பார்த்தேன். அது அதன் கூடா, அயல் கூடா என்று என்னால் சொல்ல முடியாது. நம் குருவிகள் பக்கத்துக் கூட்டிலிருந்து நார் திருடக்கூடியவை. காலில் வண்ண வளையம் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டால்தான் தீரும் விஷயம் இது. காலியாஸ் அப்படித்தான் செய்தார். கிணற்றைப் பார்த்தே இராத நான் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டிருந்தேன். அனுபவத்தில் வேர் இல்லை என்று வேறு எழுதினேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பறவையியல் சரியாக இருந்தால் கவிதை நல்ல கவிதை ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொகுப்பின் முக்கால்வாசி கோணல் கூடுதான். ஆனால் கோணல் கூட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவது ஒரு காரியம், பிரிப்பது வேறு காரியம். பெண் குருவி உள்ளே போகிறது, பார்க்கிறது, பிடிக்கவில்லை என்றால் பறந்து போகிறது. கருணை இல்லாத விமர்சனம்தான். ஆனால் கூட்டை அது பிரித்துப் போடுவதில்லை. பிரிப்பதும் அதே இடத்தில் மீண்டும் கட்டுவதும் கட்டியவனின் வேலை.

போன மாதம் அவர் கடனுக்கு வட்டி கட்ட வந்திருந்தார். வரிசையில் ஆள் இல்லை. அந்தக் குருவியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"எங்க கெணத்துலதானுங்ணா. அப்பா தறிய வித்த வருசம்."

வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் குருவியைத்தான் நான் சுயவிரக்கம் என்று எழுதியிருந்தேன்.

மதிப்புரையில் தூக்கணாங்குருவியைப் பற்றி நான் எழுதியதை, அது வெளிவந்த இதே பக்கங்களில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றவை அப்படியே இருக்கட்டும். இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவர் குடோனில் கொடுப்பேன். அவர் எழுதுவாரா என்று நான் கேட்கப் போவதில்லை.