தொம்பையைக் குத்திப் பார்த்தவர்கள்

2024 ஜூன் 19ஆம் தேதி காலை கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாவு விழ ஆரம்பித்தபோது, நாங்கள் கல்வராயன் மலையில் சாமைக்குக் காடு கொத்திக்கொண்டிருந்தோம். ஏர் போகாத சரிவு அது. கொத்துக்காடு என்போம். ஆனி பிறந்து மழை விழுந்ததும் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருசத்துச் சாமை போச்சு. எங்கள் ஊரில் செல்போனுக்கு எல்லா இடத்திலும் டவர் எடுக்காது, கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால்தான் எடுக்கும். அங்கே நின்றிருந்த பையன் ஒருவன் இறங்கி ஓடிவந்து சொன்னான்: "கள்ளக்குறிச்சியில சாராயம் குடிச்சவங்க கும்பலா செத்துக்கிட்டிருக்காங்களாம் அத்தை."

பொழுது சாய்வதற்குள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முதல் நாள் பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். கடைசியில் செத்தவர்கள் அறுபது பேரைத் தாண்டினார்கள், அதில் பெண்களும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கியதைப் பாறை மேல் நின்று செல்போனில் பார்த்தோம். அந்தக் கோமுகி எங்கள் மலையில் பிறந்து இறங்குகிற ஆறு. நாங்கள் புளியும் கடுக்காயும் சந்தைக்குக் கொண்டுபோனால் மூட்டை இறக்குகிற கூலிக்காரர்கள் அந்தப் பகுதி ஆட்கள்தான். முகம் தெரிந்தவர்கள். அன்று ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் மாமியார் மட்டும் வேறு ஒன்று சொன்னாள். "இனி மலைக்கு வருவாங்க."

எங்கள் மலையில் சாராயம் காய்ச்சுவதில்லை என்று நான் எழுதப் போவதில்லை. காய்ச்சுகிறார்கள். ஓடையோரம் குழி வெட்டி நீல டிரம் இறக்கி, வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறல் வைப்பார்கள். வெல்லமும் முன்பணமும் கீழ்நாட்டிலிருந்து வரும். பார்த்துக்கொள்ள மலையில் ஆள் வைத்திருப்பார்கள். மாட்டினால் மாட்டுவது அந்த ஆள்தான், முன்பணம் கொடுத்தவன் இல்லை. அந்தச் சாராயத்தால் தாலி அறுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்று முதலில் கேட்கப்போவது நாங்கள்தான். ஆனால் கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போகிற விஷம், மலையில் எந்த ஓடையிலும் ஊறுவதல்ல. அந்த வித்தியாசத்தை அந்த வாரத்தில் யாரும் பார்க்கவில்லை. டிவியைத் திருப்பினால் கருணாபுரம், அடுத்த நிமிசம் கல்வராயன் மலை, அதற்கடுத்து உடைக்கப்படும் ஊறல் டிரம்.

மாமியார் சொன்னபடி போலீஸ்காரர்கள் வந்தார்கள். விடியாத நேரம், நாய்கள் விடாமல் குரைத்தன. ரோடு முடிகிற இடத்தில் வண்டிகளை விட்டுவிட்டு நடந்து ஏறியிருந்தார்கள். ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அதற்கு முன்பே காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். ஊறல் பக்கமே போகாதவர்களும் போனார்கள், என் வீட்டுக்காரரும் போனார். "பேர் மாத்தி எழுதினாலும் கோர்ட்டுக்கு அலையப் போறது நாமதான்" என்று அவர் சொன்னதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீட்டுத் தொம்பை மாமனார் காலத்தது. மூங்கில் பிளாச்சில் முடைந்து, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசியது. அதில் விதைச் சாமை இருந்தது. உள்ளே கேன் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று ஒருவர் கம்பியால் குத்திப் பார்த்தார். பூச்சு பிளந்து சாமை பொலபொலவென்று தரையில் கொட்டியது. மழைச்சேறு ஒட்டிய பூட்ஸ் அதன் மேல் நடந்தது. பரணிலிருந்த வெல்லத்தை இறக்கி, "இவ்வளவு எதுக்கும்மா?" என்றார். "ஆடிக்கு அம்மனுக்குப் பொங்கல் வைக்க, சார்" என்றேன். எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஓர் இளவட்டம், மீசை சரியாக முளைக்காத பையன், மற்றவர்கள் வெளியே போனதும் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சாமையை அள்ளி முறத்தில் போட்டுவிட்டுப் போனான். அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு.

யாரையும் அடிக்கவில்லை, எந்தப் பெண்ணையும் தொடவில்லை. இதை நான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அன்று ஊரில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் மனசிலும் ஓடியது வாச்சாத்தி.

1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் வாச்சாத்தி. எங்களைப் போலவே மலையாளிப் பழங்குடிகள். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களை நாசம் செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேலம் ஜெயிலில் அடைத்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சித்தேரி மலையில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் சின்னம்மா, கைக்குழந்தையும் ஓர் ஆடுமாகக் காட்டுப் பாதையிலேயே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் ஊருக்கு யாரும் வரவில்லை. வந்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே வந்துவிட்டாள். பல மாதம் இருட்டியதும் விளக்கை அணைத்துவிடுவாள். வெளிச்சம் பார்த்து வருவார்களாம்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சின்னம்மா முதல் தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள். 2024இல் எங்கள் ஊருக்கு வந்தவர்கள் கை நீட்டாமல் போனதற்கு வாச்சாத்திப் பெண்கள் சாட்சிக்கூண்டில் ஏறி நின்றதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அந்தப் பெண்களுக்கு இந்த மலை முழுக்கக் கடன்பட்டிருக்கிறது.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். சோதனை நடந்த நாட்களில் பிள்ளைகள் வரவில்லை, சத்துமாவு அப்படியே கிடந்தது. பொழுது இறங்கினால் பெண்கள் வந்தார்கள். ஊரில் ஒழுங்கான பூட்டு உள்ள கட்டடம் அது ஒன்றுதான். வீடுகளுக்குப் படல்தான், பூட்டுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் பயந்தோமே தவிர திருட்டுக்குப் பயந்ததில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். ஒவ்வொருத்தியும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "பீரோவில வச்சுப் பூட்டு தாயி" என்றாள்.

பொட்டலங்களில் தோடு, மூக்குத்தி இருந்தது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் காகிதம். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் எஸ்டி சாதிச் சான்றிதழ் (அதை வாங்க எத்தனை முறை மலை இறங்கியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்), வீட்டு வரி ரசீது, ஆட்டுக் கடன் பாஸ்புக், புறம்போக்கில் இருப்பதாகச் சொல்லி அபராதம் போட்ட பி மெமோ. பி மெமோவைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று கேட்டதற்கு ஒருத்தி சொன்னாள்: "நாங்க இங்கதான் இருந்தோம்னு கவர்மென்டே எழுதிக் கொடுத்திருக்கே." பட்டா மட்டும் யாரிடமும் இல்லை. ஊர்க்கவுண்டர் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். அவருடைய அப்பா ஜாகீருக்கு வரி கட்டியதற்கான சீட்டு உள்ளே இருக்கிறது என்றார். திறந்தால் எழுத்து முழுக்க அழிந்துபோன பழுப்புத் தாள்.

ஜாகீர் காலம் வெளியூர்க்காரர்களுக்குக் கதை மாதிரி இருக்கும். எங்களுக்கு அது அப்பன் பாட்டன் பட்டது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் மலையைப் பங்குபோட்டு ஆண்டன. வரியும் கொடுக்க வேண்டும், கூலியில்லாமல் அவர்கள் காட்டில் வேலையும் செய்ய வேண்டும். நாடு விடுதலையாகி, 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், கோர்ட்டு வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய் 1976 ஜூன் 25ஆம் தேதிதான் அரசாங்கம் மலையைக் கையில் எடுத்தது. ஜாகீர் போனது. ஆனால் நாங்கள் கொத்திய காடு எங்கள் பெயருக்கு வரவில்லை. பெரும்பகுதி காப்புக்காடு என்றும் புறம்போக்கு என்றும் கணக்கில் ஏறியது. உழுதவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான்.

பட்டா இல்லாதவனுக்குக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கிடையாது. அவசரத்துக்குக் கீழ்நாட்டாரிடம்தான் போக வேண்டும். மரவள்ளி நடும்போதே ஆத்தூர் பக்கத்து வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடுங்கும்போது அவன் சொன்ன விலைக்குப் போட வேண்டும். போதாததற்குக் குடகுக்கும் கேரளாவுக்கும் மிளகு பறிக்கப் போக வேண்டும். அப்படி வேலை தேடி நிற்பவனிடம்தான் ஊறல் பார்த்துக்கொள்ள வாடா என்பவனும் வருகிறான், ஆந்திராவுக்கு மரம் வெட்ட வாடா என்பவனும் வருகிறான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஆட்கள் இருந்தார்கள். ஊறலைத் தேடி மலையில் ஏறுகிறவர்கள் இந்தக் காகிதக் கணக்கையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பது என் எண்ணம். டிரம்மை உடைத்தால் அடுத்த மாசம் வேறு டிரம் வரும்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. ரோடு என்ன, பள்ளிக்கூடம் என்ன, ஆஸ்பத்திரி என்ன என்று அரசாங்கத்தைக் கேட்டது. அதிகாரிகள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள், பகலில் வந்தார்கள். பிரசவ வலி கண்டவளைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோடு வரை போவதை அவர்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். காட்டுக்குள் போன ஆம்பிளைகள் அதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். அந்த வருசம் சாமை பாதிக் காட்டில்தான் விதைத்தோம். ஆளும் இல்லை, விதையும் குறைந்துபோனது.

பிறகுதான் வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தோம். 2006லேயே வந்த சட்டம். தமிழ்நாட்டில் கோர்ட்டு உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்று கிடந்து, 2016இல்தான் தடை நீங்கியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் நம் அனுபவத்தில் இருந்தால் மனுக் கொடுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை. அந்தச் சட்டத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. காகிதம் மட்டும்தான் அத்தாட்சி என்று அது சொல்லவில்லை. கட்டிய கரை, கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் அத்தாட்சி. ஊர் மூத்தவர் வாயால் சொன்னதை எழுதிக் கொடுத்தால் அதுவும் அத்தாட்சி.

கிராம சபையில் ஊர்க்கவுண்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வடக்கே எந்தப் பாறை, தெற்கே எந்த ஓடை, எந்த வருசம் எந்தக் காட்டில் தினை போட்டது, யாரை எங்கே புதைத்தது என்று நிறுத்தாமல் சொன்னார். வன உரிமைக் குழுவிலிருந்த ஒருவர், "எல்லைய மட்டும் சொல்லுங்க கவுண்டரே, போதும்" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பன் ஜாகீருக்கு வரி கட்டியதும் எழுதணும், நாங்கள் கூலியில்லாமல் வேலை செய்ததும் எழுதணும் என்றார். எழுதினேன். மூன்று பக்கம் ஆனது. அடியில் கைநாட்டு வைத்தார், சாட்சிக்கு இரண்டு பெரியவர்களும் வைத்தார்கள்.

எங்கள் ஊர் மனுக்கள் கோட்டக் குழுவுக்குப் போயிருக்கின்றன. சில காடுகளுக்கு மறுபடி அளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அளக்க வரும்போது பெண்களும் கூடப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த கிராம சபையில் ஓடைக்கும் சுடுகாட்டுக்கும் கடுக்காய் பொறுக்கும் காட்டுக்கும் சமூக உரிமை கேட்டுத் தீர்மானம் போடுகிறோம்.